என் குதிகாலைத் தரையில் ஊன்ற வைத்தவர்களுக்கு

பினாங்கு பாயா தெருபோங் அடுக்குமாடி அண்டை வீட்டாருக்கும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவினருக்கும், மருத்துவமனை ஃபிசியோ பிரிவில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

வலது குதிகால் நாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் நாண்) தடித்து, காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த ஆள் நான் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது இரவு ஷிப்ட் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தே போகிறேன். எந்த டாக்டர், என்ன மருந்து என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்லி மாளவில்லை. மருந்து என்று பெரிதாக எதுவும் சாப்பிடவில்லை. படிக்கட்டில் நின்று ஒரு பயிற்சி செய்தேன். சோம்பல் வந்து விட்டுவிடப் பார்த்தபோதெல்லாம் யாராவது ஒருவர் பிடித்துத் தள்ளிவிட்டீர்கள். அதற்குத்தான் இந்த மடல். பெயர் போட்டால் பாதிப் பேர் கோபித்துக்கொள்வீர்கள், அதனால் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி ஃபிசியோ பெண்ணுக்கு. என் மகள் வயதுதான் இருக்கும். "அங்கிள், ஓய்வெடுத்தா வலி அடங்கும், ஆனா நாண் பலமாகாது. பாரம் கொடுத்தாத்தான் பலமாகும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வலிக்கிற இடத்துக்கே பாரமா என்று நான் முழித்தேன். அவர் என் கையில் ஒரு பையைக் கொடுத்துத் தூக்கச் சொன்னார். அப்புறம் மெதுவாகக் கீழே வைக்கச் சொன்னார். தூக்கும்போது கைத்தசை சுருங்குகிறது. இறக்கி வைக்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. இந்த இரண்டாவது வேலையைப் பயிற்சியாக்கினால் அதற்குப் பெயர் எக்சென்ட்ரிக் பயிற்சி. தூக்க முடியாத பாரத்தைக்கூட ஒரு தசையால் மெல்ல இறக்க முடியும், அதற்குச் செலவாகும் சக்தியும் குறைவு என்று அவர் விளக்கியபோது, பள்ளியில் இதை ஏன் யாரும் சொல்லித் தரவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

எனக்குக் கொடுத்த பயிற்சி இதுதான். படி விளிம்பில் இரண்டு முன்பாதங்களையும் வைத்து நிற்க வேண்டும். நல்ல காலை ஊன்றி எம்பி உயர வேண்டும். பிறகு நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கிற காலால் மட்டும் குதிகாலைப் படிக்குக் கீழே போகும்வரை மெதுவாக இறக்க வேண்டும். மேலே போவதற்கு அந்தக் காலைப் பயன்படுத்தக் கூடாது. முட்டியை நேராக வைத்து 15 தடவை, மூன்று சுற்று. லேசாக மடக்கி வைத்து அதே போல மூன்று சுற்று. மடக்கிச் செய்தால் உள்ளே இருக்கும் இன்னொரு கெண்டைக்கால் தசைக்கு வேலை அதிகமாம். காலை, மாலை இரண்டு வேளையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 180. இப்படி 12 வாரம். சுலபமாகிவிட்டால் முதுகுப்பையில் எடை சேர்க்க வேண்டும்.

வலியைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லித் தந்தார். பத்துக்கு ஐந்து வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் தணிந்துவிட வேண்டும். தணியாவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். இந்த ஒரு விதி இல்லையென்றால் முதல் வாரமே பயந்து ஓடியிருப்பேன்.

அடுத்து எங்கள் மாடிக்காரர்கள். படிக்கட்டில் செருப்பு அலமாரியும் பூந்தொட்டியும் வைத்திருந்த சீன அங்கிள், நான் கேட்காமலேயே இரண்டையும் நகர்த்தி ஒரு படி முழுவதையும் எனக்கு ஒழித்துக் கொடுத்தார். விடியுமுன் இருட்டில் நிற்கிறேன் என்று பார்த்துவிட்டு, பல மாதமாக எரியாமல் கிடந்த விளக்கை மாற்றியது எதிர்வீட்டு பாச்சிக் (மலாய்க்கார மாமா). நிர்வாகத்துக்கு எத்தனையோ பேர் புகார் கொடுத்தும் நடக்காத வேலை அது. மேல்மாடிப் பாட்டி வேறு ரகம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாமி கும்பிடுகிற நேரத்திலும் என்னை எண்ணிக்கொண்டிருப்பார். 13-இல் நிறுத்தினால் விட மாட்டார். "இன்னும் ரெண்டு இருக்கு தம்பி" என்று மணியை ஆட்டிக்கொண்டே சொல்வார். பாட்டி, நீங்கள் ஒரு நாளும் தப்பாக எண்ணியதில்லை.

நான் பார்த்தே இராத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சியை இந்த அளவில் உலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்வீடனில் ஊமியோ என்ற ஊரைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃபிரெட்சன் என்ற எலும்பு மருத்துவர். அவருக்கே குதிகால் நாண் வலி இருந்தது. அறுவை செய்துகொள்ளக் கேட்டபோது மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. சரி, நாண் அறுந்துபோனால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று வேண்டுமென்றே அதற்குப் பாரம் கொடுத்தாராம். அறுந்துபோவதற்குப் பதிலாக வலி போய்விட்டது. இது அவரே சொல்லிவரும் கதை. ஃபிசியோ இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

1998-இல் அவரும் சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட வலியோடு அறுவைக்குக் காத்திருந்த 15 பேர் இந்த 12 வாரப் பயிற்சியைச் செய்து பழையபடி ஓடத் தொடங்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 15 பேர் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை எடுத்த அவர்கள் எல்லோரும் கடைசியில் அறுவைக்குப் போனார்கள். எல்லோரும் முதல் 15 பேரைப் பற்றித்தான் பேசுகிறோம். எனக்கென்னவோ அந்த இரண்டாவது 15 பேர்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறார்கள். தங்களுக்குப் பலன் கிடைக்காததையும் கணக்கில் எழுதவிட்டார்கள், அதனால்தான் எனக்குப் படிக்கட்டு கிடைத்தது. அவர்களுக்குப் பினாங்கிலிருந்து ஒரு கும்பிடு.

அந்த ஃபிசியோ பெண்ணிடம் எனக்கு மிகவும் பிடித்தது, நல்ல செய்தியோடு நிறுத்தாததுதான். ஸ்வீடன்காரர்கள் ஓடிப் பழகியவர்கள், நீங்கள் தொழிற்சாலையில் நிற்கிறவர் என்றார். விளையாட்டுப் பழக்கமே இல்லாத 34 பேரிடம் இதே பயிற்சியைக் கொடுத்துப் பார்த்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 44 விழுக்காட்டினருக்குப் பலன் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். 2015-இல் டென்மார்க்கில் 58 பேரை வைத்துச் செய்த ஆய்வில், எம்புவதும் இறக்குவதும் சேர்த்துக் கனமான எடையோடு மெதுவாக, வாரம் மூன்றே தடவை செய்தவர்களுக்கும் இதே அளவு குணம் கிடைத்திருக்கிறது. "இது பிடிக்கலன்னா அதுக்கு மாறிக்கலாம் அங்கிள்" என்றார். எனக்கு ஜிம் பக்கம் போகக் கூச்சம். படிக்கட்டே போதும் என்றுவிட்டேன்.

ஆலோசனை சொன்னவர்களுக்கும் நன்றி. காமாட் (கடல் அட்டை) எண்ணெய் கொண்டுவந்த நண்பர், கோடாலித் தைலம் தேய்த்துவிட்ட மாமா, உருட் (மலாய் முறையில் உடம்பு பிடித்துவிடுதல்) செய்கிற அம்மையாரின் நம்பரை மூன்று தடவை அனுப்பிய அக்கா, எல்லோரும் அன்பால் செய்தீர்கள். எண்ணெய் வாசனை நன்றாகவே இருந்தது. வேறென்ன சொல்ல.

மருந்துக்கடைத் தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வேறொரு தொற்றுக்காக டாக்டர் சீட்டோடு போனபோது, நான் நொண்டுவதைப் பார்த்துக் குதிகாலைப் பற்றி விசாரித்தார். சீட்டில் இருந்தது சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். அந்த வகை மருந்துகளால் அரிதாகக் குதிகால் நாணில் அழற்சியோ அறுதலோ வரலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை போட்டுவிட்டது. தம்பி அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டு வேறு மருந்து மாற்றி வாங்கித் தந்தார். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடமோ மருந்தாளரிடமோ குதிகால் விஷயத்தைச் சொல்லுங்கள், அது போதும்.

தொழிற்சாலையில் என் வரிசைத் தோழர்கள் ஒரு முக்காலி பிடித்துத் தந்தார்கள், சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். இதற்கு மேல் எழுதினால் அவருக்குச் சிக்கல்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் குழு. என் புதுப்பாடத்தால் அதிகம் தொல்லைப்பட்டவர்கள் நீங்கள்தான். கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ரயிலில் ஏறிப்போய், ஜீப் பாதை வழியாகத் தாவரவியல் பூங்காவுக்கு நடந்து இறங்குவோமே, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். அதை உடற்பயிற்சியென்றே சேர்க்க மாட்டேன், இறங்குவது சும்மா வருவதுதானே என்று நம்ம செட்டித் தெரு அண்ணன் வாதாடினார். அவருக்காகத்தான் 1952 லண்டன் கதையைத் தேடிப் படித்தேன். ஆய்வாளர்கள் மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகு நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அந்த மிதியைத் தடுக்க வேண்டும். விசை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் தடுக்கிறவருக்கு மிகக் குறைவான ஆக்சிஜனே செலவானது. ஒரு மெல்லிய பெண், வாட்டசாட்டமான ஆணைச் சீக்கிரமே களைக்க வைத்துவிட முடிந்தது. மலை இறங்குகிறவர் அந்தப் பெண்ணின் இடத்தில் இருக்கிறார். தொடைத் தசை முழு உடலின் எடையையும் தடுத்துக்கொண்டே நீள்கிறது, மூச்சு மட்டும் வாங்குவதில்லை. இதயமும் நுரையீரலும் பலவீனமானவர்களுக்கு இந்த வகைச் சைக்கிளைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் வந்ததற்கும் இதுதான் காரணம்.

முதல் தடவை இறங்கிவிட்டு இரண்டு நாள் தொடை வலித்ததற்காக என்னைத் திட்டியவர்கள் கவனிக்க. பழகாத தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கினால் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். வலி உச்சத்துக்கு வருவது மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான். அடுத்த வாரம் அதே பாதையில் இறங்கியபோது யாரும் முனகவில்லையே, கவனித்தீர்களா? ஒரு தடவை பட்ட தசை அடுத்த தடவைக்குத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது.

சர்க்கரை உள்ள அக்காமார் இருவரும் இதைக் கேட்டபிறகு ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. நம் மலேசியாவில் 2023-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. ஆஸ்திரியாவின் மலைப்பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு மாதம் மலையேறிவிட்டுக் கம்பிவட வண்டியில் இறங்கச் சொன்னார்கள், இரண்டு மாதம் வண்டியில் ஏறிவிட்டு நடந்து இறங்கச் சொன்னார்கள். ஏறியபோது ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைந்தது, இறங்கியபோது சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் கூடியது. தைவானில் 2017-இல் வெளியான ஆய்வு இன்னும் நமக்கு நெருக்கம். உடல் பருமன் உள்ள வயதான பெண்களில் ஒரு குழு படியேறியது, மற்றொரு குழு லிஃப்டில் ஏறிப் படியில் மட்டும் இறங்கியது. 12 வாரம் கழித்துப் பார்த்தால், தசை பலம், இன்சுலின் வேலை செய்யும் விதம், எலும்பு அடர்த்தி என்று பலவற்றிலும் இறங்கியவர்களுக்கே முன்னேற்றம் அதிகம். செட்டித் தெரு அண்ணன் இப்போது வாதாடுவதில்லை. கைத்தடி மட்டும் வாங்கியிருக்கிறார்.

என்னைப் பார்த்துச் சிலர் படியில் நின்று குதிகாலை இறக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து முதலில் காட்டிக் கேளுங்கள். என் வலி குதிகால் எலும்புக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருந்தது. எலும்பில் நாண் ஒட்டுகிற இடத்திலேயே வலி என்றால் படிக்குக் கீழே இறக்குவது ஒத்துவராமல் போகலாம், அதைச் சமதரையிலேயே செய்யச் சொல்வார்கள். திடீரென்று "டப்" என்று சத்தம் கேட்டு, கால் விரலில் எம்ப முடியாமல் போனால் அது நாண் அறுந்ததாக இருக்கலாம். அப்போது பயிற்சியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குழுவுக்கும் ஒரு வார்த்தை. என்னை நிற்கவிடாமல் வெங்காயம் உரிக்கிற மூலையில் உட்கார வைத்தீர்கள், கேலியும் செய்யவில்லை. கொஞ்சம்தான் செய்தீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறி இறங்கிவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த பூசத்துக்கு அண்டா தூக்கும் வேலையில் என்னைப் போடலாம்.

கடைசியாக வீட்டுக்காரிக்கு. முதுகுப்பையில் எடை வேண்டும் என்றதும் சமையலறையிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையை எடுத்துக் கட்டிக் கொடுத்தவள் அவள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தாள் ஒட்டி, தினமும் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் குறித்தவளும் அவள்தான். நான் "மூணு" என்றால் முகத்தைப் பார்த்துவிட்டு "நாலு" என்று எழுதுவாள். ஃபிசியோ பெண் அந்தத் தாளைத்தான் நம்பினார்.

தீபாவளியன்று காலை பத்து மணியிலிருந்து எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். மாடிக்காரர்களுக்குச் சைவம் தனியாக இருக்கிறது. லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது, ஒரு மாடி மேலே போய் இறங்கி வாருங்கள்.