நோ-கோ கேஜும் ஏறிய திரெட்

பயிற்சி நிலைய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் சிஎன்சி லேத்தில் (புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின்) நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஒரு ராடு வீணானதாக ரிஜிஸ்டரில் எழுதியாகிவிட்டது. அதை வீணாக்கியவன் நான்தான். ஏன் வீணானது என்று யாரும் கேட்காததால் இதை எழுதுகிறேன்.

வெட்ட வேண்டியது எம்20 திரெட், அதாவது 20 மில்லி விட்டத்தில் திருகு மரை; பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.5 மில்லி. மெஷினுக்குப் புரோகிராம் எழுதித் தரும் கேம் (CAM) சாஃப்ட்வேரில் படம் வரைந்து, டூலைத் தேர்ந்தெடுத்து, திரெட்டிங் ஆப்பரேஷன் கொடுத்து, சிமுலேஷன் ஓட்டினேன். திரையில் ஒரு குறையும் இல்லை. மெஷினிலும் முதல் பாஸ் (டூல் ஒரு முறை வெட்டிப் போவது) அழகாகத்தான் விழுந்தது. ஐந்தாவது பாஸில் சத்தம் மாறியது. பதறிப்போய், டூலின் ஓட்டத்தை நிறுத்தும் ஃபீட் ஹோல்டை அழுத்தினேன். டூல் நிற்கவில்லை. ராடைப் பிடித்திருக்கும் சக் (chuck) பக்கம் அது போய்க்கொண்டே இருக்கிறது, என் விரல் பொத்தான் மேல் இருக்கிறது. அரை நொடி கூட இருக்காது, ஆனால் உயிரே போய்விட்டது. அந்தப் பாஸை முடித்து வெளியே வந்த பிறகுதான் நின்றது. திரெட் வெட்டும்போது டூல், ராடைச் சுற்றும் ஸ்பிண்டிலின் சுற்றோடு சேர்ந்து ஓட வேண்டும், நடுவில் நின்றால் திரெட் கெடும், அதனால் ஃபீட் ஹோல்ட் உடனே வேலை செய்யாது. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று மாதமாக இந்தப் பிரிவில் படிக்கிறேன்.

சரி, எப்படியோ முடித்துக் கேஜ் போட்டேன். ஏற வேண்டிய கோ ரிங் ஏறியது. சந்தோஷப்படுவதற்குள், ஏறவே கூடாத நோ-கோ ரிங்கும் அதே மாதிரி லொடலொடவென்று ஏறிவிட்டது.

மாலையில் மாஸ்டர் புரோகிராமைப் பார்த்தார். கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. முந்தின டர்னிங் ஆப்பரேஷனில் இருந்த ஜி96 (வெட்டும் வேகம் மாறாமலிருக்க, விட்டம் குறையக் குறையச் சுற்றைக் கூட்டும் கட்டளை) அப்படியே திரெட்டிங்கிலும் வந்திருந்தது. வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 120 மீட்டர். 20 மில்லி விட்டத்தில் ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 1910 சுற்று சுற்றும், அடிவிட்டமான 18.16-க்கு இறங்கும்போது சுமார் 2100. பாஸுக்குப் பாஸ் வேகம் மாறினால் டூல் காடிக்குள் நுழையும் இடமும் நகரும், காடி அகலமாகும், திரெட் மெலியும். ஜி97 போட்டுச் சுற்றை ஒரே எண்ணில் நிறுத்தியிருக்க வேண்டும். சிமுலேஷன் டூல் போகும் பாதையைத்தான் காட்டுகிறது, ஸ்பிண்டில் என்ன செய்கிறது என்று காட்டுவதில்லை. அதில் இந்தத் தவறு தெரியவே தெரியாது.

மாஸ்டரைக் குறை சொல்லவில்லை. திரெட்டிங்குக்கு நீங்கள் ஒதுக்கிய நேரம் முழுவதும் கம்ப்யூட்டர் அறையில்தான். சிமுலேஷன் ஓடினால் செய்முறை முடிந்ததாக டிக் போடச் சொல்லியிருக்கிறீர்கள். அப்புறம் அவர் என்ன செய்வார்?

நான் கேட்பது ஒன்றுதான். ஆளுக்கு ஒரு திரெட்டாவது மெஷினில் வெட்ட விடுங்கள். அதற்கு முன், சாஃப்ட்வேரைத் திறக்காமல், திரெட் வெட்டும் கட்டளையான ஜி76-இன் இரண்டு வரியையும் கையால் எழுதச் சொல்லிக்கொடுங்கள். பி010060 என்று திரையில் வருகிறது. கடைசி பாஸ் ஒரு முறை, முடிவில் சரிவு இல்லை, டூல் கோணம் 60 டிகிரி என்று அதற்கு அர்த்தம். அடுத்த வரியில் பி920 என்றால் திரெட்டின் உயரம் 0.92 மில்லி, மைக்ரானில் எழுதியிருக்கிறது. எங்கள் பேட்ச்சில் இதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சாஃப்ட்வேர் தப்பாக ஒரு எண்ணைத் துப்பினால் நாங்கள் அதை அப்படியே மெஷினுக்குள் ஏற்றுவோம்.

கம்ப்யூட்டர் அறைக்குப் புது மானிட்டர் வந்தது, நல்லது. ஆனால் திரெட்டிங் இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டும் துண்டு) பீரோவில் பூட்டியிருக்கிறது, சாவி அலுவலகத்தில். ரிங் கேஜ் ஒரே ஒரு செட், அதையும் கேட்டு வாங்குவதற்குள் வகுப்பு முடிந்துவிடுகிறது. மெஷினை ஓட்டினால் ஏதாவது உடையும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். உடையட்டுமே, ஐயா. இங்கே மாஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது ஒரு இன்சர்ட் முனை உடைந்தால் ஏன் உடைந்தது என்று கற்றுக்கொள்வோம். வேலைக்குப் போன முதல் வாரத்தில் உடைந்தால் எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் மன்னிக்கவும். சாயங்காலம் 4 மணிக்கு மேல் அந்த லேத் சும்மாதான் நிற்கிறது. தேர்வுக்கு முன் அந்த நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள். ராடு புதிதாக வேண்டாம், வெட்டி மீந்த துண்டுகள் போதும். ஆளுக்கு ஒரு திரெட், தயவுசெய்து.

நான் கெடுத்த துண்டை மாஸ்டர் மேசை மேல் வைத்திருக்கிறேன். வந்து, நோ-கோ ரிங்கை உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
டர்னிங் பிரிவு மாணவன் ஒருவன்