ரிசால் பேப்பர்

திண்டுக்கல்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதத்துக்குப் பதில் போடத் தாமதமாகிவிட்டது. விடைத்தாள் திருத்தும் வேலை இப்போதுதான் ஓய்ந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்து விஷயத்தில் தங்கச்சி சொல்வதைக் கேள், வாத்தியார் வேலையை அவளிடம் காட்டாதே.

பையனை மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்ஸின் டாவோ நகருக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். கட்டணம், விசா, சாப்பாடு விவரமெல்லாம் அங்கே படிக்கிற என் மகள் கயலையே உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நான் எழுத நினைத்தது வேறு. அங்கே எம்.டி.க்கு (நம் எம்.பி.பி.எஸ். மாதிரி) முன்னால் பி.எஸ். என்ற அறிவியல் பட்டம் படிக்க வேண்டும் அல்லவா? அதில் உயிரியல், வேதியியலோடு ரிசால் என்று ஒரு பேப்பரும் உண்டு. "நீட் எழுதி, கடல் தாண்டி வந்து, கடைசியில் வரலாறு படிக்கணுமாப்பா?" என்று கயல் போனில் புலம்பினாள். வரலாற்று வாத்தியார் மகள் கேட்கிற கேள்வியா இது! அது என்ன பேப்பர் என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன். கோடை விடுமுறை அதிலேயே போய்விட்டது.

ஹோசே ரிசால் பிலிப்பைன்ஸின் தேசிய நாயகன். தொழிலில் கண் மருத்துவர், தன் அம்மாவின் கண்ணுக்கே சிகிச்சை செய்தவர். ஸ்பானிய ஆட்சியையும், அதன் நிழலில் ஊரை ஆண்ட துறவிப் பாதிரியார்களையும் உரித்துக் காட்டி ஸ்பானிய மொழியில் இரண்டு நாவல் எழுதினார். ‘நோலி மே தாங்கெரே’ 1887இல் பெர்லினில் அச்சானது, ‘எல் ஃபிலிபுஸ்டெரிஸ்மோ’ 1891இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில். 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது வயது 35.

கல்லூரிப் பாடமாக அவர் நுழைந்தது அறுபது வருடம் கழித்து, அதுவும் பெரிய சண்டைக்குப் பிறகு. 1956இல் கிளாரோ ரெக்தோ என்ற செனட்டர் மசோதாவை எழுத, ஹோசே லாரெல் அதைச் செனட்டில் முன்வைத்தார். ரிசாலின் வாழ்க்கையையும் எழுத்தையும், முக்கியமாக அந்த இரண்டு நாவல்களையும் ஒரு வரி வெட்டாமல், அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லாரும் படிக்க வேண்டும் என்பது மசோதா. கத்தோலிக்கத் திருச்சபை கொதித்துவிட்டது. விசுவாசத்துக்கு விரோதமான பகுதிகள் ஏராளம், கத்தோலிக்க மாணவர்களைக் கட்டாயப்படுத்துவது மனசாட்சியில் தலையிடுவது என்றார்கள் ஆயர்கள். எதிர்த்த செனட்டர்களில் இருவர் ஆயர்களின் கூடப்பிறந்தவர்கள்! பள்ளிகளை இழுத்து மூடிவிடுவோம் என்று மிரட்டல் வந்தபோது, மூடினால் அரசு எடுத்து நடத்தட்டும் என்று ரெக்தோ அசராமல் நின்றார். இத்தனைக்கும் அவரே கத்தோலிக்க நிறுவனங்களில் படித்தவர். ரிசாலும் அப்படித்தான்.

கடைசியில் சமரசம். ஜூன் 12 அன்று அதிபர் மகசாய்சாய் கையெழுத்திட்டு, குடியரசுச் சட்டம் 1425 ஆனது. மத நம்பிக்கை காரணமாக மறுப்பவர், சத்தியப்பிரமாணம் எழுதிக் கொடுத்தால் நாவலைப் படிப்பதிலிருந்து விலக்குப் பெறலாம். ஆனால் வகுப்பிலிருந்து விலக்கு இல்லை! புத்தகத்தைத் தொட வேண்டாம், பேப்பரை மட்டும் பாஸ் பண்ணு. இதை எழுதியவர் கட்டாயம் ஏதாவது கல்வி அலுவலகத்தில் வேலை பார்த்திருப்பார்.

சரி, இப்போது அந்த வகுப்பில் என்ன நடக்கிறது? கயல் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். ரிசால் பிறந்த ஊர் கலம்பா. பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. எந்தெந்த நாட்டில் யார் யாரைக் காதலித்தார் என்று ஒரு பட்டியல், அதற்கு ஒரு குவிஸ். குழுவாகச் சேர்ந்து ஒரு நாடக வீடியோ. தேர்வு முடிந்தால் மறந்துவிடலாம். நாம் பாபர், ஹுமாயூன், அக்பர் என்று நடத்துகிற லட்சணம்தான்.

இரண்டாவது நாவலில் ஒரு இயற்பியல் வகுப்பு வருகிறது முருகேசா. நீ அவசியம் படிக்க வேண்டிய அத்தியாயம். பல்கலைக்கழகத்தில் கருவிகளெல்லாம் கண்ணாடி அலமாரியில் பளபளக்கின்றன. வருகிற பெரிய மனிதர்கள் பார்ப்பதற்கு. மாணவர்கள் தொடக்கூடாது. மில்யோன் என்ற பாதிரியார் பாடம் எடுக்கிறார். கண்ணாடி என்றால் என்ன என்பதை ஒருவன் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க, அவனைக் குறுக்கே மடக்கி மடக்கிக் கேலி செய்கிறார். ஒரு நாள் வராதவனுக்கு ஐந்து நாள் ஆப்சென்ட் போடுகிறவர் அவர். பிளாசிதோ என்ற பையன் பொறுத்துப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் எதிர்த்துப் பேசி எழுந்து போய்விடுகிறான். முதல் நாவலில் ஒரு கிராமத்து வாத்தியார் வருகிறார். பாதிரியாரின் வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். பிரம்பைக் கைவிட்டுப் பார்க்கிறார், பிள்ளைகள் நன்றாகப் படிக்கவும் செய்கிறார்கள். பாதிரியாரும் பெற்றோரும் சேர்ந்துகொண்டு பிரம்பைத் திரும்ப எடுக்க வைக்கிறார்கள்.

இப்படி மனப்பாட வகுப்பைக் கிழித்தவரை மனப்பாடப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். ரெக்தோவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தை முழுசாகப் படித்தால் அவர் நோக்கம் தேர்வோடு நிற்கவில்லை என்று தெரிகிறது. ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் வெட்டாத பிரதிகள் போதுமான அளவு இருக்க வேண்டும், நாட்டின் முக்கிய மொழிகளில் பெயர்த்து மலிவுப் பதிப்பாக அச்சிட்டுக் கிராமம் வரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. அதற்கு மூன்று லட்சம் பெசோ ஒதுக்கீடும் உண்டு. எனக்கு அந்தப் பிரிவுகள் மட்டும் போதும், தேர்வு வேண்டாம். ஆனால் நீயே சொல், கிராமத்துக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்ததா என்று எந்த அதிகாரி பார்ப்பான்? பேப்பர் நடக்கிறதா என்று பார்ப்பது சுலபம். அதுவும் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்காமல், 1994 கடைசியில் அதிபர் ராமோஸ் சட்டத்தை முழுமையாக அமல்படுத்தச் சொல்லி மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. கோவில் பணத்தைத் திருடியதாக மகன்கள் மேல் பழி விழ, பித்துப் பிடித்து அலைகிற சீசா என்ற தாய் முதல் நாவலில் வருகிறாள். அவளுக்காக ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றாள் கயல். கட்டாயம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். இதை வைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வருவாய் என்று தெரியும், வா.

பையன் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. எம்.டி. படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு வைக்கிற எஃப்.எம்.ஜி.இ. தேர்விலும் தேற வேண்டும். ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பி முன்பணம் கட்டிவிடாமல் மருத்துவ ஆணையத்தின் விதிகளை நீயே உட்கார்ந்து படி. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் வருகிறேன். அப்போது கயலையும் போனில் பிடித்துப் பேசிக்கொள்ளலாம்.

உன்,
சுப்பு