எடை போடுவது ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசவ அறையில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். பிறந்த பிள்ளையை முதல் ஒரு மணி நேரம் அம்மாவின் நெஞ்சிலேயே விடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் என் மகளுக்குச் சிசேரியன் ஆனது. முதுகில்தான் ஊசி போட்டார்கள். நல்ல நினைவோடு இருந்தாள். பேரனும் பிறந்ததுமே வீறிட்டு அழுதான். ஆனாலும் முகத்தை ஒரு தடவை காட்டிவிட்டு, எடை போட்டு, துணியில் சுற்றி வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் கைக்கு வர மூன்றரை மணி நேரம். அதற்குள் புட்டிப்பால் வேறு கொடுத்தாயிற்று. "பால் இன்னும் ஊறலைம்மா" என்றார்கள். முதல் நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், நல்லபடியாகப் பிறந்த பிள்ளைக்கு அது போதும் என்று தெரியாதவர்களா அவர்கள்?

குறை சொல்ல எனக்கும் வாய் கூசுகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். பதிவேட்டில் எடைக்குக் கட்டம் உண்டு. அம்மா நெஞ்சில் கிடந்த நேரத்துக்குக் கட்டம் கிடையாது.

என்னை மாற்றியது ஒரு தலைமைச் செவிலியர். "உடம்பைத் துடை, கையை மட்டும் துடைக்காதே" என்பார். கையில் ஒட்டியிருக்கும் பனிக்குட நீரின் வாசம்தான் மார்பைத் தேடப் பிள்ளைக்கு வழிகாட்டி. அம்மாவின் வெறும் மார்பில் குப்புறப் படுக்க வைத்து, மேலே காய்ந்த துணியைப் போர்த்துவோம். கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். பிறகு கையை நக்கும், காலால் உந்தும், தலையைத் தூக்கித் தூக்கி நகரும். அப்படி ஒரு பிள்ளை தானாகவே காம்பைக் கவ்வியதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவரை நான் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளின் நினைப்பு.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பாலுக்கான 10 படிகளை 1989-லேயே வகுத்துவிட்டன. பிறந்தவுடன் இடைவிடாமல் உடலோடு உடல் சேர்த்து வைப்பதை 2018 திருத்தத்தில் 4-ஆவது படியாகவே வைத்தார்கள். தாய் விழிப்போடு இருந்தால் சிசேரியனுக்கும் இது பொருந்தும். பிள்ளையின் மூக்கு அடைபடாமல், கழுத்து மடங்காமல் பார்க்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒரே செவிலியர் மூன்று பிரசவத்தைப் பார்த்தால் யார் உட்காருவது? ஆள் போடுங்கள், பதிவேட்டில் அந்தக் கட்டத்தையும் போடுங்கள்.

ஐந்தாம் நாள் மகளுக்குக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. வாயை நன்றாகத் திறக்கவிட்டு, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி பிடிக்கக் காட்டிக்கொடுத்தேன். இரண்டே நாளில் சரியானது. அவளுக்கு நான் இருந்தேன். பக்கத்துக் கட்டில் பெண் புட்டியோடுதான் வீட்டுக்குப் போனாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்