வள்ளியைப் பாதியில் இறக்காதீர்கள்: மாணவர் விவகார அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் தமிழ் நாடகக் குழுவுக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைப் படித்துவிட்டு, கோபம் ஆறட்டும் என்று இரண்டு நாள் பொறுத்திருந்தே இதை எழுதுகிறேன். உங்கள் ஒப்புதலோடு தேர்ந்தெடுத்து, ஆறு வாரமாக ஒத்திகை பார்த்துவரும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தைக் கைவிட்டு, எல்லாருக்கும் தெரிந்த ஆங்கில இசை நாடகம் ஒன்றை ‘அப்படியே தமிழில் மொழிபெயர்த்து’ மேடையேற்றும்படி சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: நாடகத்தை மாற்றச் சொல்லாதீர்கள்.

ஆசைக்காக மட்டும் இதை எடுக்கவில்லை. குரல் தேர்வுக்கு வந்த 15 பேரில் 11 பேர் பெண்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே நாடகத்தைத் தேடினோம். சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபை என்னும் சிறுவர் நாடகக் குழுவில் சிறுவர்கள் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டார்கள் என்றால், இங்கே முதன்மை ஆண் வேடமான ராஜபார்ட்டைப் பெண்கள் பாடுவதில் குறையில்லை என்று முடிவு செய்தோம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமென்று உச்சக் கட்டையில் பாடிய பாட்டுகளை, அவரவர் தொண்டைக்கு ஏற்றபடி சுருதி இறக்கி அமைத்தோம்.

நீங்கள் சொல்லும் நாடகத்தில் இவை எதையும் எங்கள் விருப்பப்படி செய்ய இயலாது. மொழிபெயர்க்கவும், ஒரு பாட்டை வெட்டவும், ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்கவும் உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் உரிமத்தொகையும் கட்ட வேண்டும். கச்சேரிப் பாட்டுகளுக்குச் சிங்கப்பூரின் இசைப் பதிப்புரிமை அமைப்பான கம்பாஸிடம் வாங்கும் உரிமம் முழு இசை நாடகத்துக்குப் போதாது என்பதை உங்கள் அலுவலகம் அறியாமல் இருக்காது. 1922இல் மறைந்த சுவாமிகளின் எழுத்துக்கோ, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு என்னும் காப்புக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

எங்கள் நாரதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் முதலாண்டு மாணவி. வீட்டில் பேசுவது ஆங்கிலம்; தமிழ் பள்ளியில் படித்த இரண்டாம் மொழி. பாடல் வரிகளைக் குறிப்பேட்டில் எழுதி, மூச்சு விடும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு கிழித்து, பெருவிரைவு ரயிலில் காதில் ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு உதடசைத்தபடியே வருவார். ‘ழ’கரம் வரும் சொற்களுக்கு மட்டும் சிவப்புக் கோடு. சென்ற வாரம்தான் ஒரு விருத்தத்தைத் தாளைப் பார்க்காமல் முழுவதும் பாடி முடித்தார். பாடிவிட்டு ஆர்மோனியக்காரரிடம், “அண்ணா, இன்னொரு தடவை வாசிங்க” என்றார். அந்தக் குறிப்பேட்டை மூடி வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களே நேரில் வந்து சொல்லிவிடுங்கள்.

பழைய தமிழ் பிற இனத்து மாணவர்களுக்குப் புரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே ஆங்கில மேலெழுத்துத் திரையைத் திட்டத்தில் சேர்த்து, அதற்கான செலவையும் காட்டியிருந்தோம். அந்தப் பக்கம் வரை யாரும் புரட்டவில்லை போலும். தமிழ் நிகழ்ச்சி என்றால் இரண்டு சினிமாப் பாட்டு, ஒரு நடனம், இடைவேளையில் பிரியாணி என்று பழகிவிட்ட கண்ணுக்கு, தினைப்புனத்துப் பரணில் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டும் வள்ளி அந்நியமாகத்தான் தெரிவாள்.

சொல் சற்றுக் கடுமையாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அரங்க முன்பதிவுக்கும் ஒத்திகை அறைக்கும் நீங்கள் செய்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் நடிகர் தேர்வுக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய ஆட்சேபத்தை, பாட்டெல்லாம் மனப்பாடமான பிறகு சொல்வது முறையன்று. ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறோம்: நாடகத்தை மாற்றச் சொல்லாதீர்கள். முன்பு தந்த ஒப்புதல் செல்லும் என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். பரணுக்கான பலகைகள் சனிக்கிழமை காலை வந்து இறங்குகின்றன. வெள்ளிக்கிழமை மாலைக்குள் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தமிழ் நாடகக் குழுவின் செயலாளர்