‘போர்டு போச்சு’ என்று சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறைக் காலங்களில் காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளின் பழுதுபார்க்கும் கடைகளுக்கு வந்து சேரும் கையடக்க வீடியோ கேம் கருவிகளில் ஒரு பகுதி, கீழே விழுந்தோ தண்ணீர் பட்டோ கெட்டவை அல்ல. அப்டேட் பாதியில் நின்றுபோய், திரையில் கம்பெனிச் சின்னம் மட்டும் வந்து உறைந்தவை. அல்லது அந்தச் சின்னமும் வராமல் இருண்டு கிடப்பவை. அவற்றைக் கையில் வாங்கி, பவர் பொத்தானை ஓரிரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, ‘போர்டு போச்சு, மாத்தணும்’ என்று சொல்லிவிடும் வழக்கம் எங்கள் தொழிலில் வேரூன்றிவிட்டது. மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்தே பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படித் தள்ளப்படும் கருவிகளில் பலவற்றுக்குப் போர்டு நன்றாகவே இருக்கிறது. கெட்டது அதில் எழுதப்பட்ட ஃபர்ம்வேர், அதாவது கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள் மட்டுமே. அதைத் திரும்ப எழுதுவதற்கான வழியையும் தயாரித்தவர்கள் கருவிக்குள்ளேயே வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

செட்டிநாட்டில் இந்தச் சிக்கல் சற்றுக் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள பல வீடுகளில் இத்தகைய கருவி உள்ளூரில் வாங்கியதாக இருப்பதில்லை. கல்யாணத்துக்கும் முன்னோர்களுக்கான படைப்புக்கும் சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் உறவினர்களின் பெட்டியில் வந்ததாக இருக்கும். வாங்கிய நாட்டோடு நின்றுவிடும் வாரண்டி இங்கே உதவுவதில்லை. ஆகவே பக்கத்துக் கடைக்காரர் சொல்வதே முடிந்த முடிவாகிவிடுகிறது.

அண்மையில் பள்ளத்தூரிலிருந்து ஒரு பெரியவர் தம் பேரனின் நின்டெண்டோ சுவிட்ச்சை என்னிடம் கொண்டுவந்தார். வேறொரு கடையில் போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி, புதுக் கருவியின் விலையில் பாதிக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். கருவியை முழுமையாக அணைத்துவிட்டு, இரண்டு வால்யூம் பொத்தான்களையும் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு பவர் பொத்தானை அழுத்தினேன். சின்னம் தெரிந்த பிறகும் வால்யூம் பொத்தான்களை விடாமல் வைத்திருக்க, பராமரிப்புப் பட்டியல் திரையில் வந்து நின்றது. அதில் சிஸ்டத்தைப் புதுப்பிப்பது ஒரு வழி. சேமித்த ஆட்டங்களை அழிக்காமல் கருவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. எல்லாவற்றையும் அழித்துவிடுவது வேறொன்று. ‘மாமா, சேவ் பண்ணினதெல்லாம் இருக்குமா?’ என்பதுதான் அந்தப் பையனின் ஒரே கவலை. அது நியாயமான கவலை. சுவிட்ச்சில் சேமித்த ஆட்டங்கள் மெமரி கார்டில் இருப்பதில்லை, கருவியின் உள்நினைவகத்தில்தான் இருக்கின்றன. பட்டியலில் ஒரு வரி தவறி அமுக்கினால் அவன் மாதக்கணக்கில் ஆடியது அத்தனையும் போய்விடும். புதுப்பிக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, வைஃபையில் இணைத்து, சார்ஜரைச் செருகி வைத்தோம். கருவி எழுந்துகொண்டது, அவனுடைய ஆட்டங்களும் அப்படியே இருந்தன.

இது எப்படி முடிகிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஃபர்ம்வேர் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில், பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு பகுதியை முழுவதுமாக அழித்துவிட்டுத்தான் அந்த இடத்தில் எழுத வேண்டும். அழித்த பிறகு, எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் நின்றால் அங்கே பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆனால் எல்லாமே ஒரே இடத்தில் இல்லை. பிராசஸருக்குள் தொழிற்சாலையிலேயே பதித்த ஒரு சிறு நிரல் இருக்கிறது, அதை எந்த அப்டேட்டும் தொடுவதில்லை. அடுத்து, சிஸ்டத்தை எழுப்பிவிடும் நிரலான பூட்லோடர், அதற்குப் பின்னர்தான் நாம் திரையில் பார்க்கும் சிஸ்டம். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்புக் கதவு திறக்காவிட்டாலும், அடுத்த தெருவுக்குப் போய்ப் பின்கட்டு வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிடலாம் அல்லவா? பெரும்பாலான அப்டேட் தோல்விகளில் மூடிக்கொள்வது முகப்பு மட்டுமே. பூட்லோடர் பிழைத்திருந்தால், பொத்தான்களைக் குறிப்பிட்ட விதமாக அழுத்தி மீட்பு முறைக்குள் போய், மெமரி கார்டிலிருந்தோ யூ.எஸ்.பி. வழியாகவோ இணையத்திலிருந்தோ புதிய ஃபர்ம்வேரை ஏற்றலாம்.

மின்தடைதான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பராமரிப்பு மின்தடை என்று தங்கள் நாளிதழில் அறிவிப்பு வந்த மறுநாளே என் கடைக்கு ஆள் வருவதும் உண்டு. ஆனால் கையடக்கக் கருவியில் பேட்டரி இருக்கிறது. வீட்டு மின்சாரம் போனவுடன் அது அணைந்துவிடுவதில்லை. மின்தடையில் வைஃபை நின்று, பதிவிறக்கம் பாதியில் அறுந்தால் அதனால் கேடும் இல்லை, மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆபத்து, இறக்கியதை எழுதும் கட்டத்தில்தான். அந்த நேரத்தில் பேட்டரி வற்றியிருக்கலாம் என்பது ஒன்று; நான் அதிகம் பார்ப்பது, அப்டேட் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை நகரவில்லையே என்று பொறுமையிழந்து பவர் பொத்தானை நீண்ட நேரம் அமுக்கி அணைத்துவிடுவது. பேட்டரி நிறைந்திருக்கும்போது, சார்ஜரும் செருகிய நிலையில் அப்டேட்டைத் தொடங்கி, முடியும் வரை கருவியைக் கையில் எடுக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும்.

பொத்தான்களின் சேர்க்கை கருவிக்குக் கருவி மாறும் என்பதே கடைக்காரர்களைத் தடுமாற வைக்கிறது. 2011 இறுதியில் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் வீட்டாவை அணைத்துவிட்டு, வலது தோள் பொத்தானையும் பி.எஸ். பொத்தானையும் பவரையும் சேர்த்துப் பிடித்தால் பாதுகாப்பு முறை வரும். நின்டெண்டோ 3டி.எஸ்.ஸில் இரு தோள் பொத்தான்கள், ஏ பொத்தான், திசைப் பொத்தானின் மேல்பக்கம் ஆகிய நான்கையும் பிடித்துக்கொண்டு பவரைப் போட வேண்டும். விரல் போதாமல் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது சோனியின் பி.எஸ்.பி. (பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்) என்னும் கருவி. 2004 டிசம்பரில் வந்த அதன் பேட்டரிக்குள் ஒரு வரிசை எண் பதிந்திருக்கும். அந்த எண் முழுவதையும் சர்வீஸுக்கென ஒதுக்கிய ஒரு மதிப்பாக மாற்றிய பேட்டரியைப் போட்டால், கருவி தன் உள்நினைவகத்தைத் தேடாமல் மெமரி ஸ்டிக்கிலிருந்து எழும். சர்வீஸ் மையங்களுக்கு மட்டும் தெரிந்திருந்த இந்த ஏற்பாட்டை 2007இல் வெளியார் கண்டுபிடித்து ‘பண்டோரா பேட்டரி’ என்று பெயரிட்டார்கள். செத்ததாகக் கருதப்பட்ட பழைய மாதிரிகள் உலகெங்கும் எழுந்து உட்கார்ந்தன. பின்னர் வந்த போர்டுகளில் சோனி இந்த வாசலை அடைத்துவிட்டது. மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கும் காரைக்குடியில், பேட்டரி ஒரு சாவியாகவும் இருக்க முடியும் என்பதை நினைத்து நான் வியப்பதுண்டு. பழைய பி.எஸ்.பி.யை அலமாரியிலிருந்து எடுப்பவர்கள் முதலில் பின்மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் அதை சார்ஜில் போடவே கூடாது.

இன்றைய கருவிகளில் சில இந்த ஆபத்தையே பெருமளவு நீக்கியிருக்கின்றன. 2022இல் வெளிவந்த வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக்கில் சிஸ்டம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பிரதியைத் தொடாமல் மற்றதில் அப்டேட்டை எழுதி, அது சரியாக அமைந்த பிறகே அதற்கு மாறுகிறது. இடையில் எது நின்றாலும் பழையது கைவசம் இருக்கும். அதுவும் பழுதானால், வால்வ் இலவசமாக வெளியிட்டிருக்கும் மீட்புக் கோப்பை 8 ஜி.பி. பென்டிரைவில் எழுதிச் செருகி, வால்யூமைக் குறைக்கும் பொத்தானைப் பிடித்தபடி பவரை அழுத்தினால், எதிலிருந்து எழுவது என்று கேட்கும். 2023இல் வந்த ஏசஸ் நிறுவனத்தின் ‘ராக் அலை’ (ROG Ally) கருவியில், சிஸ்டத்துக்கு முன்பே எழும் அடிப்படை நிரலான பயாஸ் வழியாகவே இணையத்திலிருந்து முழு சிஸ்டத்தையும் மீட்கலாம்.

நம் பகுதியில் மாணவர்கள் கையில் அதிகம் காணப்படுவது இவை அல்ல. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீனக் கருவிகள். அவற்றில் பலவற்றுக்குச் சிஸ்டம் முழுவதும் மைக்ரோ எஸ்.டி. கார்டிலேயே இருக்கிறது. கருவியோடு தரும் பெயரில்லாத கார்டு செத்தால் கருவியே செத்ததுபோல் தோன்றும். நல்ல கார்டு ஒன்றில் சிஸ்டம் கோப்பை எழுதிப் போட்டால் போதும். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. ஆர்36எஸ் என்னும் பரவலான மாதிரி வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே பொருத்திய திரைப் பலகம் தொகுதிக்குத் தொகுதி மாறும். அந்தப் பலகத்துக்குரிய சிறு கோப்பை மூலக் கார்டிலிருந்து எடுத்து வைக்காமல் புதுக் கார்டை எழுதினால், ஒலி வரும், படம் வராது. அந்த இருண்ட திரையைப் பார்த்துத்தான் கடையில் ‘டிஸ்ப்ளே போச்சு’ என்று இன்னொரு செலவு எழுதுகிறார்கள். ஆகவே இந்த வகைக் கருவி வாங்கியவர்கள் முதல் நாளே கார்டின் முழுப் பிரதியைக் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாக் கருவியையும் பொத்தானால் மீட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பயாஸ் அப்டேட் பாதியில் நின்றால் திரையே எழாது. போர்டில் இருக்கும் சிறு நினைவகச் சில்லில் கிளிப்பை மாட்டி, புரோகிராமர் கருவி கொண்டு நேரடியாக எழுத வேண்டும். 1.8 வோல்ட் சில்லுக்கு 3.3 வோல்ட் கொடுத்துவிட்டால் அதுவரை பிழைத்திருந்ததும் போய்விடும். அது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை, அதற்குரிய கூலியும் நியாயமானது. என் ஆட்சேபம், எளிய வழியை முயலாமலே பெரிய செலவைச் சொல்வதன் மேல்தான்.

தயாரிப்பாளர்களும் இதில் பொறுப்பேற்க வேண்டும். மீட்பு முறைக்கான பொத்தான் சேர்க்கையைப் பெட்டியில் வரும் தாளில் அச்சிட எவ்வளவு செலவாகிவிடும்? அதைவிட முக்கியமானது, இணையத்தை நம்பாத மீட்பு. 3டி.எஸ். மீட்பு முறை ஃபர்ம்வேரைக் கம்பெனியின் சர்வரிலிருந்து வைஃபை வழியாகத்தான் இறக்குகிறது. அந்தக் கருவிக்கான இணையக் கடையில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது; இணைய வழி ஆட்டங்கள் 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டன. என்றாவது அப்டேட் சர்வரும் மூடப்பட்டால், நன்றாக இருக்கும் போர்டுகூட எழ வழியிருக்காது. ஒரு மாதிரிக்கான ஆதரவை நிறுத்தும் நாளில், அதன் கடைசி ஃபர்ம்வேரைக் கார்டிலிருந்து ஏற்றத்தக்க கோப்பாக வெளியிட்டுவிட்டே நிறுத்த வேண்டும் என்பது சட்டமாக வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அதில் கையடக்க கேம் கருவிகளுக்கும் தனி இடம் தந்து, ஒவ்வொரு மாதிரிக்கும் மீட்புக் கோப்பு கிடைக்கும் இடத்தைக் குறிப்பிடச் செய்யலாம்.

வாரண்டிக்குள் இருக்கும் கருவி, கம்பெனி அனுப்பிய அப்டேட்டாலேயே நின்றுபோனால் பணம் கட்டிச் சரிசெய்ய ஒப்புக்கொள்ள வேண்டாம். என்ன பழுது, எப்படிக் கண்டறிந்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். காரைக்குடி வட்டாரத்தில் பாலிடெக்னிக்குகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. கடைகளில் வேலைக்கு இருக்கும் இளைஞர்களை அழைத்து, மீட்பு முறை, கார்டு எழுதுதல், சில்லில் நேரடியாக எழுதுதல் ஆகியவற்றை விடுமுறை நாட்களில் செய்து காட்டினால், அவர்களில் பலர் ஒரே வாரத்தில் தேறிவிடுவார்கள். அதற்கென ஒரு கல்லூரி இடம் கொடுத்தால், என்னிடமுள்ள பழைய போர்டுகளையும் புரோகிராமரையும் கொண்டுவந்து கற்றுத்தர நான் அணியமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
மின்னணுக் கருவி பழுதுபார்ப்பவர்,
காரைக்குடி.