ஏ.சி. கேஸ் வருஷா வருஷம் தீராதுங்க, தூத்துக்குடியில இருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பரோட இணைப்புல கோடையில ஏ.சி.ய எப்படி பாத்துக்கணும்னு அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. ஃபில்டர கழுவணும், ஸ்டெபிலைசர் வைக்கணும், எல்லாம் சரிதான். ஆனா கடைசில "ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் நிரப்பிக்கொள்வது நல்லது"ன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அத படிச்சதும் எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. இதே மாதிரி ஒரு பேச்ச நம்பி மூணு வருஷம் காச கொட்டுனவ நான், அதான் எழுதுறேன்.

எங்க வீட்ல இருந்து கடக்கரைக்கு நடந்தே போயிரலாம், பத்து நிமிஷம் கூட ஆகாது. ஜன்னல் கம்பி, தாப்பாள், கேட்டு, சைக்கிள் எதுவா இருந்தாலும் ரெண்டு வருஷத்துல தொட்டா உதிரும், அது எங்களுக்கு பழகிப்போச்சு. 2019ல மாடி ரூமுக்கு ஒன்றரை டன் ஏ.சி. ஒண்ணு வாங்கி மாட்டுனோம். மாட்ட வந்தவங்க பைப் கம்மியா ஆகும்னு சொல்லி அவுட்டோர் யூனிட்ட கெழக்கு செவுத்துலயே, அதாவது கடல பாத்த மாதிரி வச்சிட்டு போயிட்டாங்க, எங்களுக்கும் ஒண்ணும் தெரியல. 2022 கோடையில கூலிங் கொறஞ்சுது. போன் பண்ணா ஒரு தம்பி வந்தாப்ல, கேஸ் பிரஷர் பாக்குற மீட்டர மாட்டிப் பாத்துட்டு "கேஸ் கொறஞ்சிருச்சுக்கா, யூஸ் பண்ணப் பண்ண கொறையத்தான் செய்யும், பைக்குக்கு பெட்ரோல் மாதிரி"ன்னாப்ல. 2,800 ரூவா. அடுத்த வருஷமும் அதே கத, 3,000 ரூவா. அதுக்கடுத்த வருஷம் சித்திரையில ஏத்துன கேஸு ஆனி முடியுறதுக்குள்ள போயிருச்சு, அப்பத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு.

எங்க கொழுந்தனார் சொல்லி ஒரு அண்ணாச்சிய கூப்பிட்டோம், ரொம்ப வருஷம் ஐஸ் பிளான்ட்ல வேல பாத்தவரு. வந்தவரு மீட்டர எடுக்கவே இல்ல. "உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் எத்தன வருஷமா ஓடுதும்மா?"ன்னாரு. பதினாறு வருஷம்னேன். "அதுக்கு எத்தன தடவ கேஸ் ஏத்துனீய?" ஒரு தடவ கூட இல்லியே அண்ணாச்சி. "ரெண்டுக்கும் ஒரே வேலதானம்மா, மூடுன பைப்புக்குள்ள சுத்துற கேஸு, அது எப்படி தீரும்? ஓட்ட இருந்தாத்தான் போவும். ஓட்டய அடைக்காம ஏத்துனா ஒழுவுற பானையில தண்ணி ஊத்துன மாதிரிதான்"னாரு. இத்தன வருஷம் ஃப்ரிட்ஜ பக்கத்துலயே வச்சிக்கிட்டு எனக்கு இந்த யோசன வரலியேன்னு இருந்துச்சு.

அப்பறம் பாத்திரம் கழுவுற சோப்ப நொரையா கரைச்சு வாங்கி, அவுட்டோர் யூனிட் மூடிய கழட்டிட்டு, பிரஷால ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தடவிட்டே வந்தாரு. நட்டு போட்ட எடத்துல ஒண்ணுமில்ல. பின்னாடி காயில்ல, அதான் அலுமினியத் தகட்டுக்குள்ள செம்பு பைப் வளைஞ்சு வளைஞ்சு போற பாகம், அதுல பைப் வளையுற எடத்துல தடவுனாரு பாருங்க, சின்னச் சின்னதா குமிழி விட்டுச்சு. அந்த எடத்துல செம்பு பச்சையா பூத்திருந்துச்சு, சுத்தி இருந்த அலுமினியத் தகட ரெண்டு வெரலால கிள்ளுனாரு, அப்பளம் மாதிரி நொறுங்கி வெள்ளப் பொடியா கையில கொட்டுச்சு. எனக்கு பாக்கவே ஒரு மாதிரி ஆயிருச்சு. செம்பும் அலுமினியமும் ஒட்டி இருக்கும்போது நடுவுல உப்புத்தண்ணி பட்டா அது ஒரு பேட்டரி மாதிரி வேல செய்யுமாம், மொதல்ல அலுமினியம் அரிச்சுப் போவும், தகடு போயிட்டா சூடு வெளிய போவாது, அப்பறம் பைப்பும் பொத்துக்கும். கேஸு கொறஞ்சும் நாம விடாம ஓட்டுறோம்ல, அதுதான் கம்ப்ரஸருக்கு, அதாவது கேஸ அமுக்கி சுத்த விடுற மோட்டாருக்கு, எமன். திரும்பி வர்ற ஜில்லுன்ன கேஸுதான் அதோட சூட்டயும் ஆத்துது, அது பத்தலன்னா உள்ளயே காய்ஞ்சு காய்ஞ்சு ஒருநாள் மண்டையப் போட்டுரும். காயில மாத்துனோம், இந்தத் தடவ செம்புலயே நீலக் கோட்டிங் அடிச்சதா பாத்து. கேஸ் ஏத்துன காசு மூணு வருஷத்துக்கும் சேத்து கிட்டத்தட்ட ஒம்பதாயிரம், புது காயிலுக்கு அது பெரிய பங்கா இருந்திருக்கும்.

இதுல எனக்கு வெக்கமான விஷயம் என்னன்னா, என் தம்பி வல்லம், அதான் மீன்புடிக்கிற படகு, வச்சிருக்கான். கடலுக்குப் போயிட்டு வந்தா எவ்வளவு அலுப்பா இருந்தாலும் எஞ்சின கழட்டி ட்ரம்முல நல்ல தண்ணி ஊத்தி அதுக்குள்ள எறக்கி கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டுத்தான் சாப்பிட வருவான், உப்பு உள்ள தங்குனா எஞ்சின் போச்சுன்னு அவனுக்குத் தெரியும். சின்னப் புள்ளையில இருந்து இத பாத்து வளந்தவ நான், அதே காத்துல ராவும் பகலும் நிக்கிற அவுட்டோர் யூனிட் மேல அஞ்சு வருஷத்துல ஒரு செம்பு தண்ணி ஊத்துனதில்ல.

இப்ப மாசத்துக்கு ரெண்டு தடவ கழுவுறேன். மொதல்ல ரிமோட்ல ஆஃப் பண்ணி, அப்பறம் கரண்ட் பொட்டியில உள்ள எம்.சி.பி. சுவிட்சயும் எறக்கிட்டு, பூவாளி மாதிரி மெதுவா ஊத்தணும், வயர் போற பக்கம் ஊத்தக் கூடாது. வண்டி கழுவுற பிரஷர் பம்பு வச்சி அடிச்சா தகடெல்லாம் மடங்கிக்கும், அப்பறம் காத்தே போவாது, சர்வீசுக்கு வர்றவங்களே இப்படி அடிக்கிறத பாத்திருக்கேன். இன்னும் கொஞ்சம் பேரு காயில் பளபளன்னு ஆவணும்னு ஆசிட் மாதிரி எதையோ ஸ்ப்ரே பண்ணுவாங்க, அத விடவே விடாதீங்க. முக்கியமா, போர் தண்ணிய ஊத்தாதீங்க. எங்க ஊரு போர் தண்ணிய வாயில வச்சாலே கரிக்கும், அத ஊத்துனா உப்ப கழுவ உப்பயே ஊத்துன மாதிரி. கொழா தண்ணிய இதுக்கு செலவு பண்ண மனசு வராதுன்னு எனக்குத் தெரியும், அதுக்கு ஒரு வழி வீட்டுக்குள்ளயே இருக்கு. ஏ.சி.யில இருந்து சொட்டுற தண்ணிய வாளியில புடிங்க, காத்துல இருக்குற ஈரம்தான் அப்படி தண்ணியா எறங்குது, அதுல உப்பு கெடையாது. எங்க ஊரு புழுக்கத்துக்கு ராத்திரி பூரா ஓடுனா முக்கா வாளி நெறையும். குடிக்க ஆவாது, ஆனா அவுட்டோர் யூனிட்ட கழுவ அதவிட நல்ல தண்ணி எங்க ஊர்ல கெடைக்காது. ஆனி ஆடியில மேக்காத்து புழுதிய வாரி அடிக்கும்போது மட்டும் வாரம் ஒருக்கா ஊத்துறேன்.

அவுட்டோர் யூனிட்ட எங்க வைக்கிறதுன்னு யாருமே யோசிக்கிறதில்ல, ரூம்ல இன்டோர் எந்த செவுத்துல அழகா இருக்கும்னு அரை மணி நேரம் பேசுவோம், வெளிய உள்ளத எங்கயாச்சும் மாட்டுங்கன்னு விட்டுருவோம். எங்க பக்கத்து வீட்ல திருட்டு பயத்துல சுத்திலும் தகரம் அடிச்சு பொட்டிக்குள்ள வச்ச மாதிரி வச்சிருந்தாங்க. அது வெளிய தள்ளுற சூட்டுக் காத்தையே திரும்ப இழுத்துக்குது, வெளிய 38 டிகிரின்னா அதுக்கு 50 மாதிரி இருக்கும், மத்தியானம் ரெண்டு மணிக்கு ட்ரிப் ஆகி நின்னுரும், கம்பெனிய திட்டுவாங்க. தகரத்த எடுத்துட்டு கம்பிக் கூண்டு போட்டாங்க, இப்ப நிக்கிறதில்ல. வெயிலுக்கு மேல ஒரு சின்னக் கூர போடலாம், முன்னாடி மூணு நாலு அடி தொறந்து கெடக்கணும், அவ்வளவுதான்.

பல்லி விஷயத்தையும் சொல்லிர்றேன். ஏ.சி.யில இருக்குற எலக்ட்ரானிக் போர்டு, பிசிபின்னு சொல்லுவாங்க, அது இளஞ்சூடா இருக்கும்ல, பல்லிக்கு அது சொகுசு பங்களா. ஒருநாள் டப்புன்னு ஒரு சத்தம், தொறந்து பாத்தா பல்லி கருகி ஒட்டிக்கெடக்கு, போர்டும் போச்சு, 7,500 ரூவா. பல்லி தோள்ல விழுந்தா என்ன தலையில விழுந்தா என்னன்னு பஞ்சாங்கத்துல பக்கம் பக்கமா போட்டிருக்கான், பிசிபி மேல விழுந்தா என்ன பலன்னு மட்டும் போடல. வயர் நொழையுற ஓட்டைய எல்லாம் எம்சீல் வச்சி அடைங்க, ஆனா காத்து போற சந்த அடைச்சிராதீங்க.

மத்ததெல்லாம் உங்க கட்டுரையிலயே இருக்கு, ஒண்ணு ரெண்டு மட்டும் சேத்துக்கறேன். ஃபில்டர் அடைச்சாலும் உள்ள ஐஸ் கட்டும், கூலிங் கொறையும், அதுவும் கேஸ் இல்லாத மாதிரியேதான் தெரியும், அதனால போன் பண்றதுக்கு முன்னாடி ஃபில்டர கழட்டிப் பாருங்க. 2020 ஜனவரியில இருந்து ஸ்டார் ரேட்டிங் உள்ள ஏ.சி. எல்லாம் ஆன் பண்ணா தானா 24 டிகிரியில நிக்கிற மாதிரி வரணும்னு ரூல் போட்டாங்க, 2025 ஜூன்ல 20க்கு கீழ எறக்க முடியாதபடி பண்ணப் போறோம்னு மத்திய மின்துறை அமைச்சர் சொன்னப்ப எங்க தெருவுல ஒரே சண்ட. 16ல வச்சா சீக்கிரம் குளிரும்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. 16ல வச்சாலும் 26ல வச்சாலும் ரூம் 26க்கு வர்ற வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஓடும், அதுக்கப்பறம் 16 வச்சது மட்டும் எட்டாத எடத்துக்கு ராத்திரி பூரா ஓடிட்டே கெடக்கும். நாங்க 26ல வச்சிட்டு ஃபேன ரெண்டுல போடுறோம், மொட்டமாடியில சுண்ணாம்பு அடிச்சிருக்கோம், போர்வ தேவப்படுது.

வீடு மாறும்போது ஏ.சி.ய கழட்டி மாட்டுறீங்கன்னா பக்கத்துலயே நில்லுங்க. பைப்ப மாட்டுன ஒடனே கேஸ தொறந்து விடக்கூடாது, வேக்வம் பம்ப் வச்சி உள்ள இருக்குற காத்தையும் ஈரத்தையும் இழுக்கணும், கால் மணி நேரமாச்சும் ஓடணும். அந்த ஈரம் உள்ள தங்குனா ஆயிலோட சேந்து ஆசிடாகி கம்ப்ரஸர உள்ள இருந்தே தின்னும். பம்பு கொண்டு வரலன்னு சொன்னா நாளைக்கு கொண்டு வாங்கன்னு அனுப்பிருங்க, கோவப்பட்டா படட்டும். அப்பறம் இப்ப வர்ற ஏ.சி.யில பெரும்பாலும் ஆர் 32 கேஸு, அது லேசா தீப்புடிக்கிற ரகம், உள்ள கேஸ வச்சிக்கிட்டே வெல்டிங் அடிக்க விடாதீங்க. அத ஏத்தும்போது மீட்டர மட்டும் பாத்துட்டு குத்துமதிப்பா விடக்கூடாது, யூனிட் மேல ஒட்டுன ஸ்டிக்கர்ல எத்தன கிராம்னு போட்டிருக்கும், தராசுல வச்சி அந்த அளவுதான் ஏத்தணும். எங்க வீட்டுக்கு மூணு வருஷமா வந்த தம்பி ஒரு தடவகூட தராசு கொண்டு வந்ததில்ல.

வாரன்டி கார்ட அண்ணாச்சி சொன்ன பெறகுதான் எடுத்துப் படிச்சேன். கம்ப்ரஸருக்கு பத்து வருஷம்னு அட்டையில கொட்ட எழுத்துல போட்டிருக்கு, காயிலுக்கு ஒரு வருஷம், அதுவும் உப்புக்காத்துனால அரிச்சா கெடையாதுன்னு பொடி எழுத்துல இங்கிலீஷ்ல இருக்கு. தூத்துக்குடியில கட வச்சு விக்கிறவங்க அத வாயால ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

ஆசிரியருக்கு நான் கேக்குறது ஒண்ணுதான். அந்தக் கேஸ் வரிய அடுத்த ஞாயிறு இணைப்புலயே திருத்திப் போடுங்க. கேஸ் கொறஞ்சிருக்குன்னு யாராச்சும் சொன்னா, ஓட்ட எங்கன்னு சோப்பு நொர போட்டு காட்டச் சொல்லுங்க, காட்டாம ஏத்துனா காசு கொடுக்காதீங்கன்னு போடுங்க. கட்டுரை வந்த அதே எடத்துல, அதே அளவு எழுத்துல போட்டா நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி.