கியர் லீவர் வளையத்தான் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை நான் விடாமல் படிக்கிறவன். புது வண்டி வந்தால் விலை என்ன, மைலேஜ் என்ன, எத்தனை கலரில் வருகிறது என்று எல்லாம் போடுகிறீர்கள், சரி. அந்த பைக்கை வாங்கி மூன்றாம் மாதம் ஒரு கல்லில் இடித்து, காலால் கியர் மாற்றுகிற லீவர் உடைந்து போனால் எதை வாங்கிப் போடுவது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. சின்னச் சாமான்தானே, எதையோ வாங்கி மாட்டினால் ஆயிற்று என்று நானும்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் அழுதேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கித்தான் போட வேண்டும் என்றால் ஸ்ப்ளைன், அதாவது லீவரைப் பிடித்து நிறுத்தும் பல் வரிசை பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் பென்னாகரத்துக்காரன். தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் பொருத்தித் தருவது தொழில். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், தேன்கனிக்கோட்டைக்கு மேலே பெட்டமுகிலாளம் என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். தார் ரோடு வரைக்கும் எந்த வண்டியும் போகும், அதற்குப் பிறகு தோட்டம் வரை இருக்கிற கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் பிரச்சினை. மழை பெய்துவிட்டால் அது ரோடா ஓடையா என்றே தெரியாது. அதனால்தான் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான இந்த வகை பைக் எனக்கு. 2011-ல் ஹீரோ இம்பல்ஸ் வந்தபோது இந்த வகையை நம் ஆட்கள் அவ்வளவாகச் சீண்டவில்லை. 2016-ல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 என்று வந்த பிறகு இப்போது பாலக்கோடு சந்தையில் தக்காளி விற்க வருகிறவர் வரைக்கும் வைத்திருக்கிறார். (காட்டுக்குள் வண்டியை இறக்கி வீடியோ எடுக்கிற பையன்களுக்காக நான் இதை எழுதவில்லை. அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் ஒரு பகுதி 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் வருகிறது, அங்கே யானைக்குத்தான் வழி.)

அந்த ஹிமாலயனுக்கும் எக்ஸ்பல்ஸுக்கும் தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அந்த அளவு இன்ஜினின் அடிப்பக்கத்துக்குத்தான் காவல். கியர் லீவர் இன்ஜினுக்கு வெளியே இடது பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கிறது. வண்டிப்பாதையில் நடு மேட்டை விட்டு டயர் தடத்தில் இறங்கினால் ஓரத்துக் கல் நேராக அதன் மேல்தான் வந்து இடிக்கும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. நாட்றாம்பாளையம் தாண்டி ஒரு மாந்தோப்புக்குப் போகிற வழி, பின்னால் இரண்டு சுருள் குழாய், இரண்டாவது கியர். டக் என்று ஒரு சத்தம். அடுத்து கியரை மாற்றக் காலைத் தூக்கினால் அங்கே ஒன்றுமே இல்லை. லீவர் பாதியில் முறிந்து கீழே கிடக்கிறது, இன்ஜினுக்குள்ளிருந்து வெளியே வருகிற கியர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் மொட்டைத் துண்டு மட்டும் மிச்சம். எடுத்துப் பார்த்தால் உடைந்த இடம் கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. வார்ப்பு அலுமினியம் அப்படித்தான் போகும், வளைந்து எச்சரிக்காது. குழாய் வேலைக்கு வைத்திருந்த கிரிப் பிளையரை அந்த மொட்டையில் கடிக்க வைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கையாலேயே மூன்றாவது கியரில் தள்ளிவிட்டு, ஊர் வரைக்கும் அதே கியரில் வந்தேன். பிளையரை மொட்டையில்தான் கடிக்க வைக்க வேண்டும், ஷாஃப்டின் பல்லில் வைத்துவிடாதீர்கள். பல் நசுங்கினால் அப்புறம் எந்த லீவரும் உட்காராது.

ஷோரூமில் கேட்டேன், பார்ட் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம் நான் வீட்டில் உட்கார முடியுமா? ஆன்லைனில் பார்த்து சிவப்புக் கலரில், தடிமனாக, கடைந்து எடுத்த அலுமினியக் கட்டி லீவர் ஒன்றை வாங்கிப் போட்டேன். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. உடையவே உடையாது என்று எழுதியிருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அது உடையவில்லை.

நாலு மாதம் கழித்து வத்தல்மலையில் ஒரு ஈரப் பாறையில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. மெதுவாகத்தான். தூக்கி நிறுத்தினேன், சிவப்பு லீவரில் கீறல் மட்டும். ஆனால் கியர் விழ மறுக்கிறது, விழுந்தால் திரும்பி வர மறுக்கிறது, கொஞ்ச நேரத்தில் லீவருக்குப் பின்னால் ஆயில் கசிகிறது. தருமபுரியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். அவர் லீவரைப் பார்த்த உடனேயே சிரித்தார். “தம்பி, லீவர் வளையணும்னுதான் வெச்சிருக்கான். அது வளையலைன்னா உள்ளே இருக்கறது வளையும்” என்றார். உள்ளே இருந்த கியர் ஷாஃப்ட் வளைந்திருந்தது, ஆயில் சீலும் போயிருந்தது. லீவர் இருப்பது இடது பக்கம், ஆனால் இந்த மாதிரி ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஷாஃப்டை வலது பக்கம் கிளட்ச் கவரைத் திறந்து, கிளட்சையே இறக்கி, அந்தப் பக்கமாகத்தான் உருவ வேண்டும். ஆயில், கேஸ்கட், சீல், ஷாஃப்ட், கூலி என்று கணக்குப் போட்டால் பத்து லீவர் வாங்கியிருக்கலாம்.

அதனால் கடையில் போய் “இருப்பதிலேயே ஸ்ட்ராங்கானதைக் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். நான் இப்போது போட்டிருப்பது சாதாரண இரும்பு லீவர், நுனி மட்டும் ஸ்பிரிங் வைத்து மடங்குகிற வகை. முன்னாலிருந்து கல் இடித்தால் நுனி பின்னால் மடங்கித் திரும்பி வந்துவிடும். அதையும் மீறி இடித்தால் தண்டு வளையும், கழற்றி வைஸில் பிடித்து நிமிர்த்திக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு முறை நிமிர்த்திவிட்டேன். அடித்துருவாக்கிய அலுமினிய லீவரும் மோசமில்லை, வார்ப்பு மாதிரி சட்டென்று முறியாது, ஆனால் வளைந்ததை நிமிர்த்தப் போனால் விரிசல் விடும். இரும்பு கனம் என்பார்கள். பின்னால் இரண்டு சுருள் குழாய் ஏற்றுகிறவனுக்கு நூறு கிராம் ஒரு கணக்கா?

மடங்கும் நுனிக்கு ஒரு தொல்லை உண்டு. நம் செம்மண் அந்தக் கீலுக்குள் போய் இறுகிக்கொள்ளும், மடங்கிய நுனி திரும்பாது. வண்டி கழுவும்போது விரலால் நாலு தடவை மடக்கி விட்டு ஒரு சொட்டு ஆயில் விட்டால் போதும்.

இப்போது ஸ்ப்ளைன். லீவரின் ஓட்டைக்குள்ளும் ஷாஃப்டின் மேலும் இருக்கிற பல் வரிசையைத்தான் சொல்கிறேன். “எல்லா வண்டிக்கும் பொருந்தும்” என்று விற்கிற லீவரை நம்பவே நம்பாதீர்கள். ஷாஃப்டின் தடிமனும் பல்லின் எண்ணிக்கையும் வண்டிக்கு வண்டி மாறும். ஒரு பல் கூடக்குறைய இருந்தாலும் சுத்தியலால் தட்டி ஏற்றிவிடலாம், ஏற்றியும் விடுவார்கள், கொஞ்ச நாளில் லீவரின் பல்லும் போகும், ஷாஃப்டின் பல்லும் போகும். பழைய லீவரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், உடைந்திருந்தாலும் மொட்டையையாவது கொண்டு போங்கள். பல்லை எண்ணுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். சரியான லீவர் என்றால் கையால் தள்ளினாலே ஏறிவிடும். லீவரை ஷாஃப்டோடு பிடிக்கிற போல்ட்டை இறுக்கிய பிறகு, ஓட்டையை ஒட்டி லீவரில் இருக்கிற வெட்டு கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும். வெட்டின் இரண்டு உதடும் ஒட்டிக்கொண்ட பிறகும் லீவர் ஆடுகிறது என்றால் அது உங்கள் வண்டிக்கானது இல்லை, அல்லது உங்கள் பல் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது.

அந்த போல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல வண்டிகளில் அது ஷாஃப்டில் உள்ள ஒரு பள்ளத்தின் வழியாகவே குறுக்கே போகும். லூஸ் செய்துவிட்டு லீவரை நெம்பினால் வராது, முழுதாக உருவிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். மாட்டும்போது பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கவும் கூடாது, 6 மி.மீ. போல்ட்டுக்கு வழக்கமான இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். மரை கழலாமல் பிடிக்கிற நீலக் கலர் பசை ஒரு சொட்டு மரையில் விட்டால் கரடு பாதை அதிர்வில் கழலாது. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். பல் தேய்ந்த லீவர்களில் பாதிக்கு மேல் இந்த போல்ட் கழன்று ஆடியதால்தான் தேய்ந்தன என்று மெக்கானிக் அண்ணன் சொல்கிறார், நான் நம்புகிறேன்.

நீளத்தில்தான் ஆளுக்கு ஆள் மாறும். கடைக்காரர் நீளம் சொன்னால் எங்கிருந்து எதுவரை என்று கேளுங்கள், ஷாஃப்ட் ஓட்டையின் மையத்திலிருந்து நுனியின் மையம் வரைதான் கணக்கு. ஃபுட்ரெஸ்டில் காலை வைத்தால் கட்டை விரலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிற பகுதி நுனிக்கு அடியில் போக வேண்டும். இங்கே நம் ஊர் விஷயம் ஒன்று இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் வேலைக்குப் போகிற தம்பிகள் இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூவோடுதான் வண்டி ஓட்டுகிறார்கள். அந்த மூக்கு லீவருக்கு அடியில் நுழையவே நுழையாது. அவர்களுக்கு நீளமும் கொஞ்சம் கூட வேண்டும், உயரமும் வேண்டும். செருப்பு போட்டு ஓட்டுகிற எங்கள் ஊர்ப் பெரியவருக்கு அதே லீவர் எட்டாது. (செருப்போடு ஓட்டக் கூடாதுதான். சொல்லிப் பார்த்தாயிற்று.)

உயரத்தைப் பல் மாற்றிப் போட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் அது பெரிய தாவல். ஷாஃப்டில் 24 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல்லுக்கு 15 டிகிரி. லீவர் 11 செ.மீ. நீளம் என்றால் நுனி கிட்டத்தட்ட 3 செ.மீ. ஏறும் அல்லது இறங்கும். நடுவில் நிறுத்த வழியில்லை. அதனால்தான் லீவரின் வளைவு உங்கள் பழைய லீவரின் வளைவோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு உட்கார்ந்தும் பாருங்கள், ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றும் பாருங்கள். மேட்டில் நின்றுகொண்டு ஓட்டும்போது கால் சாயும் கோணமே வேறு. ஷாஃப்டில் நேராக மாட்டாமல் ஒரு குச்சி வழியாகக் கியர் மாற்றுகிற வண்டி என்றால் உங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, குச்சியின் இரண்டு முனையிலும் உள்ள நட்டை லூஸ் செய்து குச்சியைத் திருகினால் நூல் நூலாகச் சரிசெய்யலாம். பெரும்பாலும் ஒரு முனை இடது மரையாக இருக்கும், தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. லீவருக்கும் இன்ஜினின் இடது பக்க மூடியான மேக்னெட் கவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி இடது பக்கம் சாயும்போது லீவர் உள்பக்கமாக அமுங்கும், மடங்கும் நுனி அந்த அடிக்கு உதவாது. ஒட்டி நிற்கிற லீவர் நேராகக் கவரில் குத்தும், கவர் அலுமினியம், ஓட்டை விழுந்தால் ஆயில் முழுக்க மண்ணுக்குத்தான். இன்ஜின் கார்டு இருந்தாலும் அது லீவரைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பல கார்டுகள் வெறும் அலங்காரம்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஆற்றாமையாகவும் இருக்கிறது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் தயாராகி வெளிவந்த ஊர் ஓசூர். இன்றைக்கும் சிப்காட்டைச் சுற்றித் தெருவுக்குத் தெரு லேத் ஓடுகிறது, யார் யாருடைய வண்டிக்கோ பாகம் கடைகிறார்கள். ஆனால் எனக்கு ஒரு கியர் லீவர் வேண்டும் என்றால் பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கு பஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் யாரையாவது பிடிக்க வேண்டும். இப்போது போட்டிருக்கும் இரும்பு லீவர் ஜே.சி. ரோட்டில் வாங்கியது, 450 ரூபாய். பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் சேர்த்தால் அது 450 இல்லை.

உங்கள் வாகனப் பக்கத்தில் வாரம் ஒரு சின்னப் பெட்டி கொடுங்கள். எந்த வண்டிக்கு எத்தனை பல், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரில் எந்தக் கடையில் எது கிடைக்கிறது என்று ஓட்டுகிறவர்களே எழுதட்டும். முதல் வாரத்துக்கு என் வண்டியின் பல்லை எண்ணி நானே அனுப்புகிறேன்.

அந்தச் சிவப்பு லீவர் இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது, கீறலைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. யாருக்காவது விற்கலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. குழாய்க்குத் துளை போடும்போது காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சொட்டுநீர்க் குழாய் பொருத்தும் ஒரு வாசகன்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.